மலை நாடு அணிந்த கடல்



திபெத்து மக்களின் உடையைப் பற்றியும் அணிகலனைப் பற்றியும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

திபெத்து என்றதும் நம் நினைவுக்கு என்ன வருகிறது? பனிமலை வருகிறது. மடாலயம் வருகிறது. செந்நிற ஆடை உடுத்திய துறவி வருகிறார். கூடவே ஒரு தொடரும் வந்துவிடுகிறது: மூடிய நாடு! 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளைப் பெரும்பாலும் லாசா நகருக்குள் விடவில்லை. உள்ளே போக முடியாதவர்கள் அதைத் தடை செய்யப்பட்ட நகரம் என்று எழுதினார்கள். உலகம் அப்படியே படித்தது. நாமும் அப்படியே நம்பினோம்.

அந்த நம்பிக்கை சரிதானா என்று இன்று பார்ப்போம். சாட்சி சொல்ல நான் மன்னர்களைக் கூப்பிடப் போவதில்லை. ஒரு மேய்ப்பனின் தோல் அங்கியைக் கூப்பிடுகிறேன். ஓர் அதிகாரியின் இடது காதில் தொங்கிய குண்டலத்தைக் கூப்பிடுகிறேன். ஒரு பெண்ணின் கழுத்து மாலையைக் கூப்பிடுகிறேன். இந்த மூன்று சாட்சிகளிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். நீ எந்த ஊர்? நீ எந்தத் தரம்? நீ எங்கிருந்து வந்தாய்?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நிலத்தைப் பார்க்காமல் உடையைப் புரிந்துகொள்ள முடியாது. நம் நீலகிரியில் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். திபெத்துப் பீடபூமியின் சராசரி உயரமோ 4,000 மீட்டருக்கும் மேல். அங்கே உச்சிவெயில் தோலைச் சுடும். ஒரு மேகம் குறுக்கே வந்தால் உடல் நடுங்கும். பொழுது சாய்ந்தால் உறைபனி. ஒரே நாளில் கோடையும் குளிர்காலமும் வந்துபோகிற நாட்டில் மனிதன் எதை உடுத்துவான்?

அதற்கு அந்த மக்கள் கண்ட விடைதான் சுபா. நீண்ட கைகள் கொண்ட, உடலைச் சுற்றி மடித்து இடுப்பில் கச்சையால் இறுக்கிக் கட்டுகிற அங்கி. அதன் கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கும். குளிரில் அதுவே கையுறை. வெயில் ஏறினால் வலது கையை வெளியே எடுத்து, அந்தக் கைப்பகுதியைத் தோளுக்குப் பின்னால் தொங்க விடுவார்கள். இன்னும் வெயில் ஏறினால் இரண்டு கைகளையும் கழற்றி இடுப்பில் முடிந்துகொள்வார்கள். இரவு வந்தால் கச்சையை அவிழ்ப்பார்கள், அங்கி விரியும், அதுவே படுக்கை, அதுவே போர்வை.

கச்சைக்கு மேலே மார்புப் பக்கம் அங்கியைக் கொஞ்சம் தூக்கித் தளர்த்தி விடுவார்கள். அங்கே பெரிய பை போல ஓர் இடம் உண்டாகும். நம் கிராமத்துப் பெண்கள் மடியில் காசையும் வெற்றிலையையும் முடிந்துகொள்வார்களே, அப்படி. சாப்பிடும் மரக்கிண்ணம் அதற்குள் இருக்கும். வறுத்த பார்லி மாவு இருக்கும். புதிதாய்ப் பிறந்த ஆட்டுக்குட்டி இருக்கும். பச்சைக் குழந்தையும் அதற்குள் தூங்கும். கூரையும் படுக்கையும் பையும் தொட்டிலுமாக ஒரே உடை! ஆண்கள் சுபாவை முழங்கால் அளவுக்கு உயர்த்திக் கட்டுவார்கள், குதிரை ஏற வேண்டும் அல்லவா? பெண்கள் கணுக்கால் வரை விடுவார்கள். வெட்டு ஒன்றுதான், கட்டும் முறையில்தான் ஆணும் பெண்ணும் வேறுபடுகிறார்கள்.

சரி, இது எல்லோருக்கும் பொதுவான உடைதானே, இதில் ஊர் எங்கே தெரிகிறது என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் முதல் கேள்வி தொடங்குகிறது. நீ எந்த ஊர்?

வடக்கே விரிந்து கிடக்கும் புல்வெளிக்குப் போவோம். அங்கே மேய்ப்பர்கள் வாழ்கிறார்கள். எருமை போன்ற யாக், செம்மறி, குதிரை, இவையே அவர்கள் செல்வம். அவர்களுடைய சுபா ஆட்டுத்தோல். மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும், தோல்பக்கம் வெளியே இருக்கும். தயிரும் வெண்ணெயும் தேய்த்து, கையால் கசக்கி, காலால் மிதித்துப் பதப்படுத்திய தோல் அது. ஓரங்களில் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று பட்டைத் துணிகள் வைத்துத் தைத்திருப்பார்கள். தைப்பது யார் தெரியுமா? பெரும்பாலும் ஆண்கள். தோலில் ஊசி ஏற்றுவது அந்த மேய்ப்பர் வீடுகளில் ஆண்பிள்ளை வேலை.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் பார்லி விளையும் பள்ளத்தாக்குகள். லாசாவும் ஷிகாட்சேயும் இருக்கும் நடுத் திபெத்து. இங்கே தோல் குறைந்து கம்பளி கூடுகிறது. நம்பு என்று ஒரு கம்பளித் துணி. குறுகிய தறியில் நெய்வதால் ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில்தான் வரும். அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துத்தான் அங்கி தைப்பார்கள். கல்யாணமான பெண் இடுப்பின் முன்பக்கம் கோடு போட்ட ஒரு துணியைக் கட்டுவாள். அதன் பெயர் பாங்தென். மெல்லிய கோடுகள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைக்கும்போது, ஒரு பட்டையின் கோடும் அடுத்த பட்டையின் கோடும் ஒட்டாதபடி வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள். கோடு தப்பி நிற்பதுதான் அதன் அழகு. லாசாவுக்குத் தெற்கே கொங்கர் வட்டாரத்துத் தறிகள் பாங்தெனுக்குப் பேர் போனவை. பழைய சாயங்களைக் கேளுங்கள்: மஞ்சிட்டி வேரிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம், வால்நட் தோலிலிருந்து பழுப்பு. அந்த அவுரி இந்தியாவிலிருந்து மலையேறிப் போன சரக்கு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நடுத் திபெத்தில் தலையைப் பாருங்கள். லாசாப் பெண்ணின் விழாக்காலத் தலையணி பத்ருக். கிளை பிரிந்த கொம்பு போல விரியும் சட்டகம். அதன்மேல் சிவப்புத் துணி. துணியின்மேல் பவளமும் டர்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லும். மேற்கே சில நாள் பயணத்தில் இருக்கும் சாங் பகுதிக்குப் போனால் கொம்பு மறைந்துவிடும். தலைக்கு மேலே வில் போல வளைந்து நிற்கும் ஒரு பெரிய வளையம் வரும். தலையைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும்!

இன்னும் தென்கிழக்கே போங்கள், கொங்போ. காடும் மழையும் நிறைந்த தாழ்ந்த பூமி. அங்கே நீண்ட கைகள் எதற்கு? முள்ளிலும் கிளையிலும் சிக்கும். அதனால் கொங்போக்காரர்கள் கையே இல்லாத, தலைவழியாகப் போட்டு இடுப்பில் கட்டும் அங்கியை அணிந்தார்கள். கம்பளியிலும் தைத்தார்கள், விலங்குத் தோலிலும் தைத்தார்கள். அதுவும் திபெத்து உடைதான்!

மேற்கே ங்காரிக்குப் போங்கள். அங்கே புராங் வட்டாரப் பெண்களின் விழா உடையில் நெற்றியிலிருந்து வெள்ளிச் சரங்கள் இறங்கி முகத்துக்குத் திரை போடும். அந்தப் பண்பாட்டின் நீட்சியாக நம் நாட்டு லடாக்கில் பெராக் இருக்கிறது. படமெடுத்த நாகம் போல நெற்றியில் தொடங்கி முதுகு வரை இறங்கும் பட்டை. அதன்மேல் வரிசை வரிசையாக டர்காய்ஸ் கற்கள். வரிசை கூடக் கூடக் குடும்பத்தின் மதிப்பு கூடும். தாய் அதை மூத்த மகளுக்குக் கொடுப்பாள். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அணிதான்!

கிழக்கே காம் பகுதிக்குப் போங்கள். குதிரை வீரர்களின் நாடு. அங்கே ஆண்களே அணிகலனில் பெண்களோடு போட்டி போடுவார்கள். நீண்ட பின்னலில் சிவப்பு அல்லது கறுப்புப் பட்டுநூல் குஞ்சத்தைச் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டுவார்கள். இடுப்பில் வெள்ளி உறையிட்ட வாள். மார்பில் பெரிய வெள்ளிப் பேழை. காம் பெண்களின் உச்சந்தலையில் மஞ்சள் ஆம்பர் உருண்டை, அதன் நடுவில் சிவப்புப் பவளம் ஒன்று.

வடகிழக்கே ஆம்டோவுக்குப் போங்கள். அங்கே மேய்ப்பர் குலப் பெண்கள் கூந்தலை மெல்லிய பின்னல்களாகப் பிரிப்பார்கள். 108 பின்னல்கள் என்று சொல்வது வழக்கம். பௌத்தர்களுக்கு அது புனித எண். அந்தப் பின்னல்களை எல்லாம் முதுகில் ஒரு துணிப்பட்டையில் சேர்ப்பார்கள். அந்தப் பட்டையில் வெள்ளிக் குமிழ்கள், ஆம்பர் வட்டுகள், சங்குத் துண்டுகள். ஆம்டோவின் சில ஊர்களில் பெண்பிள்ளை பருவம் எய்தியதும் தலைப்பின்னலை மாற்றுவதற்கென்றே ஒரு சடங்கு வைத்து, முதன்முறையாகப் பெரியவர்களின் அணிகளைப் பூட்டுவார்கள்.

மேய்ப்பர் பெண்ணின் இடுப்பில் தொங்கும் ஒரு வெள்ளி அணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அடியில் இரண்டு கொக்கிகள் வளைந்திருக்கும். மேலே பவளம் பதித்திருக்கும். அது எதற்கு? பால் கறக்கும்போது வாளியை மாட்டுவதற்கு! தினமும் யாக் மடியருகே உட்கார்ந்து பால் கறந்தவள், தன் வேலைக்கருவியையே வெள்ளியில் வார்த்து நகையாக்கிக்கொண்டாள். ஆணின் இடுப்பில் தொங்கும் தீக்கல் பையும் அப்படியே. தோலும் இரும்புமாகத் தொடங்கியது, வெள்ளியும் பவளமுமாக வளர்ந்தது. உழைப்பை ஒளித்து வைக்காமல் இடுப்பில் மாட்டிக் காட்டிய மக்கள் அவர்கள்! அவர்களுக்கு என் தலை வணங்குகிறது.

ஆகவே நண்பர்களே, திபெத்து உடை என்று ஒரே ஓர் உடையைக் காட்டுகிறவர், திபெத்தைப் பார்க்காமல் பேசுகிறார். காட்டுக்கு ஓர் உடை, புல்வெளிக்கு ஓர் உடை, கழனிக்கு ஓர் உடை. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தலை மாறுகிறது, காது மாறுகிறது, கச்சை மாறுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நீ எந்தத் தரம்?

7ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை திபெத்து ஒரு பேரரசு. சீனத் தாங் பேரரசோடு சரிசமமாகப் போரிட்ட அரசு. அந்தப் பேரரசின் அதிகாரிகள் தங்கள் கையில் தரச்சின்னம் அணிந்திருந்தார்கள் என்று தாங் வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. எந்தச் சின்னம் உயர்ந்தது? தங்கம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீலக் கல். திபெத்திய நூல்களின்படி அது டர்காய்ஸ். அதற்கு அடுத்துத்தான் தங்கம். அதற்குக் கீழே பொன் பூசிய வெள்ளி, அதற்குக் கீழே வெள்ளி, கடைசியில் செம்பு. தங்கத்தைக் கல்லுக்குக் கீழே உட்கார வைத்த நாடு திபெத்து. அட்சய திருதியைக்கு வரிசையில் நிற்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீரத்துக்கும் அங்கே உடையில் இடம் இருந்தது. போரில் துணிந்தவனுக்குப் புலித்தோல் பரிசு. புறமுதுகிட்டவன் தலையில் நரிவால்! அவமானத்தையும் உடுத்த வைத்தார்கள்.

பல நூற்றாண்டுகள் கழித்து, தலாய் லாமாக்களின் அரசு லாசாவில் நிலைபெற்ற பிறகு, தரம் இன்னும் நுட்பமாக உடலில் ஏறியது. லாசா அரசின் அதிகாரிகள் ஏழு படிநிலைகளாகப் பிரிந்திருந்தார்கள். துறவி அல்லாத அதிகாரி நீண்ட கூந்தலை உச்சியில் கொண்டையாக முடிவார். நான்காம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர் என்றால் அந்தக் கொண்டையில் தங்கமும் டர்காய்ஸும் பதித்த சின்னஞ்சிறு பேழை இருக்கும். இடது காதில் தோளை நோக்கி இறங்கும் நீண்ட குண்டலம்: தங்கம், டர்காய்ஸ், முத்து. வலது காதில் டர்காய்ஸ் கல் ஒன்று மட்டும். இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்காது. தெருவில் ஒருவர் எதிரே வந்தால், வாய் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்று காது சொல்லிவிடும்.

பிரபு குடும்பத்துப் பெண்களின் பத்ருக் முழுக்க முத்தால் ஆனது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பவளம். ஏழைக்கு? சாதாரண மணிகள். சீனத்துப் பட்டு யாருக்கு, சாயம் ஏறாத கம்பளி யாருக்கு என்பதும் பிறப்பிலேயே பாதி தீர்ந்துபோனது. அழகைப் பேசும்போது இதையும் பேச வேண்டும். ஒரு சீமாட்டியின் தலையில் இருந்த முத்துக்களுக்குப் பின்னால், பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த குடும்பங்களின் வியர்வை இருந்தது. அந்த முத்தைப் பாராட்டுகிறவர்கள் அந்த வியர்வையை மறக்கக் கூடாது. நான் மறக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். தரத்தைத் தாண்டி எல்லோர் மார்பிலும் இருந்த அணி ஒன்று உண்டு. அதுதான் கவு. ஒரு சின்னப் பேழை. உள்ளே என்ன இருக்கும்? அச்சிட்ட மந்திரத் தாள், களிமண்ணில் வார்த்த புத்தர் உருவம், ஒரு லாமா தந்த பட்டுத் துணுக்கு. லாசாச் சீமாட்டியின் கவு தங்கத்தில், இரண்டு சதுரங்கள் குறுக்காகச் சேர்ந்த நட்சத்திர வடிவில், டர்காய்ஸ் பதித்து மின்னும். காம் வணிகனின் கவு வெள்ளியில், கோயில் கோபுர வாசல் போல வளைந்து, கையகலம் இருக்கும். முன்பக்கம் ஒரு சிறு சாளரம் வழியாக உள்ளிருக்கும் திருவுருவம் தெரியும். வழிப்பயணத்தில் தோளில் மாட்டிக்கொள்வான். வீடு திரும்பினால் பூசை மாடத்தில் வைப்பான். ஏழையின் கவு செம்பில் இருக்கும். உலோகம் மாறியது, உள்ளே இருந்த நம்பிக்கை மாறவில்லை. துறவிகளோ அணிகலனையே துறந்தவர்கள். செம்மண் நிற ஆடையே அவர்களுக்கு எல்லாம்.

இப்போது மூன்றாவது கேள்வி. இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன். நீ எங்கிருந்து வந்தாய்?

ஒரு திபெத்துப் பெண்ணின் கழுத்து மாலையை எடுத்து மேசைமேல் வைப்போம். ஒவ்வொரு மணியாகக் கேட்போம்.

டர்காய்ஸே, நீ எங்கிருந்து வந்தாய்? பாதி உள்ளூர்தான், மேற்குத் திபெத்திலும் கிடைப்பேன் என்று சொல்லும். ஆனால் உயர்ந்த கற்கள் பாரசீகத்து நிஷாப்பூர்ச் சுரங்கங்களிலிருந்தும் வந்தன. திபெத்தியருக்கு அது வெறும் கல்லாக இருந்ததில்லை. மனிதனின் உயிராற்றல் ஒரு டர்காய்ஸில் தங்கும் என்று நம்பினார்கள். அணிந்தவர் நோயுற்றால் கல் நிறம் மங்கும் என்றார்கள். பழைய கல் வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பச்சையாக மாறுவதை ஒவ்வொரு வீட்டிலும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

கண் போல வட்டங்கள் வரைந்த கறுப்பு வெள்ளை மணியே, நீ எங்கிருந்து வந்தாய்? இதன் பெயர் ட்ஸி. அகேட் கல்லில் வேதிப்பொருள் தடவிச் சுட்டு, கோடும் வட்டமும் ஏற்றிய மிகப் பழைய மணி. உழும்போது வயலில் கிடைக்கும். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாததால், வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள். ஒன்பது கண் உள்ள மணிக்கு மதிப்பு அதிகம். கல்லில் இப்படிக் கோடு எழுதும் கலை சிந்துவெளியிலும் ஈரானிலும் மிகப் பழங்காலத்திலேயே இருந்தது.

ஆம்பரே, நீ எங்கிருந்து வந்தாய்? மரப்பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகி உண்டான மணி இது. ஒரு பகுதி பர்மாவிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி? 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே, பாட்னாவில் சில ஆர்மீனிய வணிகர்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அவர்கள் ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் உள்ள டான்சிக் நகரத்துக்குப் போய், இமயமலை நாட்டு அரசருக்காக ஆம்பரில் உருவங்கள் செய்து வாங்கி வந்துகொண்டிருந்தார்கள். பால்டிக் கடலிலிருந்து பாட்னா, பாட்னாவிலிருந்து பனிமலை! 17ஆம் நூற்றாண்டில்!

பவளமே, நீ எங்கிருந்து வந்தாய்? மத்தியதரைக் கடலிலிருந்து. இத்தாலிக் கடலில் மூழ்கி எடுத்த சிவப்புப் பவளம். திபெத்தியர் பவளத்தை எவ்வளவு உயர்வாக மதித்தார்கள் என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பெண்களின் கழுத்திலும் தெய்வ உருவங்களின் கழுத்திலும் அதை அணிவித்தார்கள் என்கிறார். இதே மத்தியதரைக் கடல் பவளம் கப்பல் ஏறி நம் சென்னைக்கும் வந்தது. கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றாக ஐரோப்பிய வணிகர்கள் அதை இங்கே இறக்கினார்கள். மண்ணடியில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறதே, அந்த வணிகத்தின் பெயர் தாங்கிய தெருதான் அது.

கடைசியாக, வெண்மையாக ஒரு வளையல். சங்கே, நீ எங்கிருந்து வந்தாய்? இங்கேதான் நம் நெஞ்சு நிமிர வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நம் முக்குளிப்பவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு, கப்பலில் வங்காளத்துக்குப் போனது. டாக்காவின் சங்கு அறுப்பவர்கள் அதை வளையலாக அறுத்தார்கள். அங்கிருந்து இமயமலை நாடுகளுக்குப் போனது. நடுத் திபெத்துப் பெண்கள் மணிக்கட்டில் சங்கு வளையல் அணிந்தார்கள். மடாலயங்களில் ஊதும் வெண்சங்கும் இந்த இனந்தான். திபெத்தியர் போற்றும் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று வலம்புரிச் சங்கு. கோயில் மணியோடு நாம் கேட்டு வளர்ந்த அதே சங்கொலி, அந்தப் பனிமலை மடாலயங்களிலும் ஒலிக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது மூடிய நாடா? பவளம் கடல் தந்தது. முத்து கடல் தந்தது. சங்கு கடல் தந்தது. பால்டிக் ஆம்பரைக் கரையில் ஒதுக்கியதும் கடல்தான். உலகத்திலேயே உயரமான பீடபூமி, நான்கு பக்கமும் கடற்கரை இல்லாத நாடு, தன் தலையிலும் கழுத்திலும் கடலை அணிந்து நின்றது!

உடையும் அதையே சொல்கிறது. 641ஆம் ஆண்டு வாக்கில் திபெத்து மன்னருக்குப் பெண் கேட்டுச் சீனப் பேரரசரின் அவைக்குப் போன அமைச்சர் கார் தோங்த்சென் ஒரு புகழ்பெற்ற சீன ஓவியத்தில் நிற்கிறார். அவர் மேலங்கி முழுக்க வட்ட வட்டமான பூவேலை. அது நடு ஆசியாவும் பாரசீகமும் வளர்த்த பாணி. பிற்காலத்தில் சீனப் பட்டும் ரஷ்ய ஜரிகைத் துணியும் வந்தன. நம் காசித் தறிகளில் முஸ்லிம் நெசவாளர்கள் திபெத்து மடாலயங்களுக்கென்றே பொன்னிழைப் பட்டு நெய்தார்கள்; இன்றும் நெய்கிறார்கள். நகை செய்தவர்களில் பெரும் பங்கு காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து லாசா வந்து தங்கிய நேவார் பொற்கொல்லர்களுக்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு மலைநகரான கலிம்போங் வழியாக ஐரோப்பியக் கம்பளித் தொப்பி போனது. திபெத்து ஆண்கள் அதைத் தங்கள் தொப்பியாகவே ஆக்கிக்கொண்டார்கள். கதவு அடைத்திருந்தது ஐரோப்பியப் பயணிக்கு. வணிகனுக்கு, நெசவாளிக்கு, பொற்கொல்லனுக்கு, யாத்திரிகனுக்கு அது திறந்தேதான் இருந்தது.

அன்பர்களே, இந்த உடை மாறவே மாறாத பழம்பொருள் என்றும் எண்ணிவிடாதீர்கள். காமிலும் ஆம்டோவிலும் விழாக்கால சுபாவின் ஓரத்தில் புலி, சிறுத்தை, நீர்நாய்த் தோல் வைத்துத் தைக்கும் பழக்கம் இருந்தது. அண்மைக் காலத்தில் கையில் பணம் சேரச் சேர அந்தப் பட்டை அகலமாகிக்கொண்டே போனது. நம் காட்டுப் புலிகள் கள்ளச் சந்தை வழியாக அந்த விழாக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2006 ஜனவரியில் ஆந்திரத்து அமராவதியில் நடந்த காலசக்கரப் பௌத்த விழாவில் தலாய் லாமா அதைக் கண்டித்துப் பேசினார். அடுத்த சில வாரங்களில் என்ன நடந்தது தெரியுமா? திபெத்துக்குள்ளேயே, ஆம்டோவின் பல ஊர்களில், மக்கள் விலைமதிப்புள்ள அந்தத் தோல்களைக் குவித்துத் தீயிட்டார்கள். சட்டம் கேட்கவில்லை, காவல் கேட்கவில்லை. மனசாட்சி கேட்டது, கொடுத்தார்கள். ஒரு வழக்கம் தவறு என்று தெரிந்தால் அதை விடுவதும் மரபுக்குள் அடங்கிய வலிமைதான்.

1959இல் தலாய் லாமாவும் பல்லாயிரம் மக்களும் இந்தியாவுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். உடுத்திய சுபாவோடும் கழுத்து நகையோடும் மலை தாண்டினார்கள். அந்த நகைகளில் எத்தனையோ, அரிசிக்கும் மருந்துக்கும் விலை போயின. அங்கேயே தங்கியவர்களுக்கு 1966இல் தொடங்கிய சீனக் கலாச்சாரப் புரட்சியில் நகை அணிவதே குற்றமாயிற்று. இரண்டு பக்கமும் இழப்பு. அதற்குப் பிறகும் அந்த மக்கள் உடையை விடவில்லை. 2008இல் திபெத்தில் எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, புதன்கிழமைதோறும் திபெத்து உடை உடுத்துவோம், திபெத்து மொழி பேசுவோம் என்று இளைஞர்கள் உறுதி எடுத்தார்கள். ஆயுதம் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு சுபாவைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது போராட்டமாயிற்று.

நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஊட்டிக்குப் போகும்போது திபெத்தியர் கடைகளில் ஸ்வெட்டர் வாங்குகிறோம். விலை பேசுகிறோம், திரும்பி வருகிறோம். அந்தக் கடைக்கார அம்மாவின் குடும்பம் காமா, ஆம்டோவா, சாங்கா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இனிமேல் கேளுங்கள். திபெத்தியர் என்ற ஒரே சொல்லில் அவர்களை அடக்கிவிடாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை தருகிறேன். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் பைலகுப்பேயிலும் கொள்ளேகால் அருகேயும் முண்ட்கோட்டிலும் திபெத்தியர் குடியிருப்புகள் இருக்கின்றன. 1959இல் இருபது வயதில் மலை தாண்டியவருக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். தாய் தலையில் பத்ருக் பூட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பால்வாளிக் கொக்கியை இடுப்பில் மாட்டிப் பால் கறந்தவர்கள் அவர்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் திபெத்திய அணிகலன் என்ற இரண்டு சொல்லோடு கிடக்கும் பொருளுக்கு, ஊர் சொல்ல, பெயர் சொல்ல, எந்த நாளில் யார் அணிந்தார் என்று சொல்ல அவர்களால் முடியும். இன்னும் சில ஆண்டுகள்தான் முடியும்.

அனுமதி கேட்டு அவர்களிடம் போங்கள். உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர்கள் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுங்கள், அதன் பிறகு நம் நூலகத்தில் வையுங்கள். சங்கு அனுப்பிய கரையில் பிறந்த நமக்கு அந்த உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.